உரல், ரோலு, ஒரளு

புதுவயல் வீட்டு வளவுல இன்னும் ஒரு கல் உரல் கிடக்கு. ஹைதராபாத்திலிருந்து வந்த நண்பர் அதைப் பார்த்ததும் "ரோலு!" என்றார். எனக்கு என் பழைய தப்பு ஒன்று ஞாபகம் வந்தது.

சில வருஷம் முன்னாடி, தமிழ், கன்னடம், தெலுங்கு, கோண்டி நான்குக்கும் நூறு நூறு சொல் எடுத்து, ஒத்துப்போகிறவற்றை எண்ண ஒரு புரோகிராம் எழுதினேன். தெலுங்கும் கன்னடமும்தான் நெருக்கம் என்றது. எழுத்தும் ஒரே மாதிரி இருக்கே, சரிதான் என்று நம்பிவிட்டேன்.

பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1961-இல் வெளியிட்ட நூலில் தெலுங்கைக் கோண்டி, குயி மொழிகளோடு சேர்த்திருக்கிறார். காரணம் நம்ம உரல்லயே இருக்கு. கன்னடத்தில் அது ஒரளு. உயிரெழுத்து முன்னாடியே நிற்கிறது. தெலுங்கில் அது பின்னால் நகர்ந்து ரோலு ஆகிவிட்டது. 'அவன்' அங்கே 'வாடு'. கோண்டியில் 'இல்' (வீடு) 'லோன்'. எல்லாச் சொல்லிலும் இது நடக்கவில்லை. தெலுங்கிலேயே வீடு 'இல்லு'தான். (நாமும் 'ரெண்டு' என்கிறோமே என்பீர்கள். அது பேச்சுத்தமிழ் தனியாகச் செய்துகொண்டது. உரலை நாம் ரோலாக்கவில்லை.)

கிட் தெரிந்தவர்களுக்குச் சுலபம். இரண்டு கிளையிலும் ஒரு பழைய ஃபைல் இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது. அது மெயினிலிருந்தே வந்திருக்கும். பக்கத்துக் கிளையிலிருந்து காப்பி அடித்ததும் கணக்கில் சேராது. மெயினை விட்டுப் பிரிந்தபின் விழுந்த கமிட் இரண்டிலும் இருந்தால்தான் அவை சேர்ந்து வந்தவை. என் புரோகிராம் பழைய ஃபைலையும் காப்பியையும் எண்ணிக்கொண்டிருந்தது.

இதே தர்க்கத்தில்தான் பசிபிக் தீவு மொழிகளையும் பிரித்தார்கள். எங்க ஐயா மலாயாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். அவர் காதில் விழுந்த மலாயில் நிலா 'bulan' போல ஒலிப்பான ப-வோடு வரும் 'புலான்'; நான்கு, வல்லின ப-வோடு 'அம்பாட்'. இரண்டும் வேறு ஒலி. ஃபிஜியில் நிலா 'வுலா', நான்கு 'வா', இரண்டுமே வ. ஜெர்மானியர் ஓட்டோ டெம்ப்வோல்ஃப் 1930-களில் ஒலிமாற்றங்களை வரிசைப்படுத்தி, ஃபிஜி, சமோவா, ஹவாய் போன்ற மொழிகளுக்குப் பின்னால் ஒரே கிளையைக் கண்டார். இந்த இரண்டு ஒலியும் கலந்துபோனது அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று. ஓசியானிக் என்பது அந்தக் கிளைக்குத்தான் பெயர். மலாய் அதற்கு வெளியே.

புரோகிராமைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இந்தமுறை சொற்களை அல்ல, மாற்றங்களை எண்ணுகிறது.