முழுகாத நாளும் மூன்றாம் வாரமும்: கருவின் தொடக்கத்தில் மது

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு பெண் கருவுற்றிருப்பதை 'முழுகாம இருக்கா' என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். தீட்டு வரவில்லை, அதனால் தலைமுழுகவில்லை. நடந்ததை வைத்தல்ல, நடக்காமல் போனதை வைத்து நாள் குறிக்கும் சொல் இது. கருவியலோடு ஒப்பிட்டால் இச்சொல் வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமானது. கூடவே, அபாயகரமான அளவுக்குத் தாமதமானது. 28 நாள் சுழற்சியில் தீட்டு தள்ளிப்போகும் நாள், கரு உருவாகி ஏறத்தாழ 14 நாள் கழிந்த நாள். மூன்று கருப்படலங்கள் பிரியத் தொடங்குவது அதையொட்டி, 15ஆம் நாள் வாக்கில். வீட்டில் 'முழுகலையோ' என்ற ஐயம் எழும்போதே, மது மிகப் பெரிய சேதம் செய்யக்கூடிய வாரம் தொடங்கிவிடுகிறது. தாய்மைக் கண்காணிப்பு முறைகள் இந்தக் காலக்கணக்கைக் கவனத்தில் கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் இரண்டு வாரங்களில் கரு பெரும்பாலும் ஒன்று பிழைக்கும், அல்லது தெரியாமலே கலைந்துபோகும். மூன்றாம் வாரத்தில் நிலைமை மாறுகிறது. கேஸ்ட்ருலேஷன் எனப்படும் அந்தக் கட்டத்தில், தட்டையான செல் தகடு ஒன்றிலிருந்து புறப்படலம், இடைப்படலம், அகப்படலம் என மூன்று அடுக்குகள் பிரிகின்றன. 22ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28ஆம் நாளுக்குள் நரம்புக் குழல் மூடிக்கொள்கிறது. அதன் விளிம்பிலிருந்து புறப்படும் நரம்பு முகட்டு செல்கள் இடம்பெயர்ந்து, முகத்தின் எலும்பையும் குருத்தெலும்பையும் உருவாக்குகின்றன. எட்டாம் வார முடிவில் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டாயிற்று.

1981இல் கேத்லீன் சூலிக்கும் சக ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனையை இங்கே நினைவுகூர வேண்டும். கருவுற்ற சுண்டெலிகளுக்கு ஏழாம் நாளில், அதாவது மனிதக் கருவின் மூன்றாம் வாரத்துக்கு நிகரான நாளில், சில மணி நேர இடைவெளியில் எத்தனால் செலுத்தினார்கள். குட்டிகளின் முகம் மாறியிருந்தது: சிறிய கண்கள், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலான பள்ளமே இல்லாத முகம். 1968இல் பிரான்சில் லெமோவானும், 1973இல் சியாட்டிலில் ஜோன்ஸும் ஸ்மித்தும், கருவில் மதுவால் வரும் நோய்க்குறியாகக் குழந்தைகளிடம் விவரித்த அதே முகம். கொடுத்த அளவு மிதமானதல்ல. ஒரே அமர்வில் மளமளவென ஏறும் குடிக்கு நிகரானது. ஒரு நாளில் நேர்ந்த இந்தத் தாக்கம் ஆயுள் முழுக்க முகத்தில் பதிந்துவிடுகிறது.

வழிமுறைகள் பல. அவற்றுள் நம் ஊருக்கு நெருக்கமாகத் தோன்றுவது வைட்டமின் ஏ சார்ந்தது. அந்த வைட்டமினிலிருந்து கரு ரெட்டினாயிக் அமிலத்தைத் தயாரிக்கிறது. எந்த செல் தலைப்பக்கம், எது வால்பக்கம் என்று வழிகாட்டும் சமிக்ஞைகளில் அது ஒன்று. மதுவைச் சிதைக்கும் நொதிக் குடும்பமே அந்த அமிலத்தையும் ஆக்க வேண்டும். அரவை மில் ஒன்றுதான், வாசலில் வந்து நிற்கும் மூட்டைகளோ இரண்டு. மது மூட்டை முந்திக்கொள்கிறது. போதாததற்கு நரம்பு முகட்டு செல்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் எளிதில் மடிபவை. நச்சைச் சமாளிக்கும் கல்லீரலும் கருவுக்கு இன்னும் உருவாகவில்லை.

இனி நம் பதிவேடுகளின் கணக்கைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கர்ப்பிணியைப் பிக்மி எனும் அரசுப் பதிவு எண்ணோடு பதிகிறார்கள். 18,000 ரூபாய் தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் 12 வாரத்துக்குள் பதிவதை வலியுறுத்துகிறது. நல்ல ஏற்பாடுதான், பேறுகால மரணத்தைக் குறைத்த அமைப்பின் ஒரு பகுதி இது. ஆனால் அந்த 12 வாரம் கடைசித் தீட்டிலிருந்து எண்ணப்படுவது. கருவின் வயதோ அதில் இரண்டு வாரம் குறைவு. பன்னிரண்டாம் வாரத்தில் பதிபவர், கருவின் வயதுக் கணக்கில் பத்தாம் வாரத்தில் இருக்கிறார். உறுப்புகள் உருவாகும் காலம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. 'இனிக் குடிக்காதே' என்ற அறிவுரை மூளைக்கு இன்னும் பயன்படும், ஏனெனில் மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது. முகத்துக்கும் இதயத்துக்கும் அது பிந்தி வந்த சேதி.

'நம் பெண்கள் குடிப்பதில்லையே' என்பது உடனே வரும் மறுப்பு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு அதற்குத் துணை நிற்கிறது: இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 1.3 விழுக்காட்டினர் மட்டுமே குடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதைவிடக் குறைவு. அந்த எண்ணை நான் ஒதுக்கவில்லை. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயத்தில் இறந்த அறுபதுக்கும் மேற்பட்டோரில் பெண்களும் இருந்தார்கள் என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மாநில சராசரி, சூளைக் கொட்டகையையும் கூலிக் குடியிருப்பையும் பிரித்துக் காட்டாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உடம்பு நொந்து உழைக்கும் இடங்களில் வலிக்கு மருந்தாகச் சாராயம் புழங்குவதும், சளிக்கு ஒரு மூடி பிராந்தி கொடுப்பதும் யாரும் அறியாத செய்தியல்ல. ஊர்ப் பெயர் கெடும் என்ற அச்சத்தில், கேள்விக்கு 'இல்லை' என்ற விடையே முதலில் வரும்.

அளவும் முக்கியம். டாஸ்மாக்கின் குவாட்டர் 180 மில்லி, 42.8 விழுக்காடு, அதில் ஏறத்தாழ 61 கிராம் தூய மது. பெண்ணுக்கு இரண்டு மணி நேரத்தில் 56 கிராமை எட்டினாலே மிகைக் குடி என்கிறது அமெரிக்க வரையறை. பாதியாகப் பிரித்த 'கட்டிங்' கூட 30 கிராம். நம் ஊரில் கொஞ்சமாகக் குடிப்பது கடினம், பாட்டில் அதற்கு இடம் தராது.

ஆனாலும் குடித்த எல்லாத் தாய்க்கும் பாதிப்புள்ள குழந்தை பிறப்பதில்லை. ஸ்வெத்லானா போபோவா குழு 2017இல் கணித்தபடி, கர்ப்பத்தில் குடிப்பவர்களில் ஏறத்தாழ 67 பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே முழு நோய்க்குறி வெளிப்படுகிறது. எஞ்சியோரில் பலருக்குக் கற்றலிலும் நடத்தையிலும் மறைவான குறைகள் இருக்கலாம். இந்த விகிதத்தை ஊட்டச்சத்து மாற்றக்கூடும். இரும்புச்சத்துக் குறைவு மதுவின் கேட்டைப் பெருக்குவதை விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ரத்தசோகை.

கண்டறிதலில் வேறொரு சிக்கல். சிறிய தலை, குறைந்த எடை, மந்தமான வளர்ச்சி எல்லாம் பட்டினியின் அடையாளங்களும்கூட. உதட்டையும் பள்ளத்தையும் ஒப்பிடும் வாஷிங்டன் பல்கலைக்கழக அட்டைகள் வெள்ளையர், கறுப்பின அமெரிக்கர் முகங்களுக்கானவை. தமிழ் முகத்துக்கு அளவுகோல் வேண்டும். 2013இல் தொடங்கிய தேசிய பாலர் நலத் திட்டம் பரிசோதிக்கும் நிலைகளின் பட்டியலில் இந்த நோய்க்குறி இல்லை. பட்டியலில் இல்லாததை அங்கன்வாடிக்கு வரும் குழு தேடுவதில்லை, தேடாததால் எண்ணிக்கையும் இல்லை.

இதில் ஆண் எங்கே? உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, பெரும்பாதகங்களில் முதல் நான்கைச் செய்தவரை வாரியத்துக்குத் தகுதியற்றவர் என்கிறது. கள் குடித்தல் அந்த வரிசையில் வரும் பாதகம். வாரியத்தைத் தேர்ந்தெடுக்கக் குடத்தில் ஓலை போடுவதற்கு முன் ஆணின் குடியை விசாரித்த ஊர் இது. கருத்தரிப்புக்கு முன் அதே விசாரணை இன்று நடப்பதில்லை. டெக்சஸில் மைக்கேல் கோல்டிங் குழு, ஆண் சுண்டெலிகளுக்கு இணைசேர்வதற்கு முன் மது கொடுத்தபோது குட்டிகளின் முக வளர்ச்சியில் மாற்றங்களைக் கண்டது. மனிதனுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பது ஆய்வுக்குரியது. நாலில் ஓர் ஆண் குடிக்கும் மாநிலத்தில் அந்த ஆய்வுக்குக் காத்திராமலே கணவனையும் கேட்கலாம்.

கேட்பதற்கான இடம் தாய் அட்டை அல்ல, அதற்கு முந்தியது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு பல ஆண்டுகளாக இருக்கிறது. கருத்தடைக்காகத் தொடங்கிய அதில், பிள்ளை வேண்டும் என்று காத்திருக்கும் தம்பதிகளின் பெயர்களும் உண்டு. ஃபோலிக் அமிலமும் அப்போதே தொடங்கினால்தான் 28ஆம் நாளுக்குள் பயன் தரும். அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி சேர்த்தால் போதும். 'குடிப்பீர்களா' என்று கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். 'உடம்பு வலிக்கு ராத்திரி என்ன எடுத்துக்குவீங்க?' என்று கணவன் மனைவி இருவரையும் கேட்டால், முழுகாத நாளுக்கு முன்பே பேச்சு தொடங்கும்.