முதல் வகுப்புக்கு எந்தப் புத்தகம்?

ஐந்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மிகச் சிலர்தான். விடியுமுன் ஜீப்பேறி கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இந்த யோசனையே எட்டாது. பகலில் ஒருவராவது வீட்டில் இருந்தால்தான் இது நடக்கும். அப்படி இருப்பவர்கள் முதலில் கேட்பது: தமிழ்நாடு அரசுப் பாடநூலா, சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடத்தும் என்.சி.இ.ஆர்.டி.யா? இரண்டும் இணையத்தில் இலவசம். அச்சுப் பிரதியும் எட்டாத விலையில்லை. 2023இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. முதல் வகுப்புப் புத்தகத்தின் விலை 65 ரூபாய். எனவே காசை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பார்ப்போம்.

அரசுப் பாடநூல்கள் 2018இல் புதிதாக எழுதப்பட்டவை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து, எழுத்துக்கூட்டவே பிள்ளைகள் தடுமாறியபோது, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதற்கெனப் பயிற்சி நூல்களும் வந்தன. என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் 2020 கல்விக் கொள்கையின் வழியில் 2023இல் வெளியானவை: ஆங்கிலத்துக்கு 'மிருதங்', இந்திக்கு 'சாரங்கி', கணக்குக்கு 'ஜாய்ஃபுல் மேத்தமேடிக்ஸ்'.

இந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு எழுத்தறிவு தமிழில்தான் தொடங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. மொழிக்கு அரசுப் புத்தகமே. சி.பி.எஸ்.இ. மோகத்தில் இதை மறந்துவிட்டு, ஏழு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை என்று பிறகு டியூஷன் தேடுவது வீண் அலைச்சல்.

கணக்கில் என் ஓட்டு என்.சி.இ.ஆர்.டி.க்கு. பதின்மூன்று பாடங்கள். பூனையைத் தேடுவதில் தொடங்கி, காய்கறித் தோட்டத்தில் கூட்டல் கழித்தலுக்கு வந்து, காசு எண்ணுவதையும் தொட்டு, பொம்மைகளைத் தரம்பிரித்து எண்ணுவதில் முடிகிறது. அரசுக் கணக்கு நூல் மோசமில்லை. வடிவம், எண், அளவு எல்லாம் முறையாக இருக்கின்றன. ஆனால் என்.சி.இ.ஆர்.டி. நூலில் கதை முன்னால் வருகிறது, கணக்கு அதற்குள்ளிருந்து எழுகிறது. நான்காம் பாடம் பத்திலிருந்து இருபதுக்குப் போவது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு தட்டில் பதின்மூன்று பன்னீர் திராட்சையைக் கொட்டுங்கள். கம்பத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கித் தந்த பழம்தான். பத்துப் பழத்தை ஒரு கிண்ணத்தில் ஒதுக்கினால் வெளியே நிற்கும் மூன்றோடு சேர்ந்து 'பதின்மூன்று' ஆகிறது. பாடம் முடியும்போது பழமும் முடிந்திருக்கும், கவலையில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் பெற்றோர்தான் தமிழில் சொல்ல வேண்டும். முதல் வகுப்பில் படங்களே அதிகம், அது பெரிய பாரமாகாது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை வயதுக்குப் பதிலாக நிலையால் பிரிக்கிறார்கள். ஒரே வகுப்பில் பல நிலைப் பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்காக வந்த ஏற்பாடு இது. வீட்டிலோ ஒரே பிள்ளை தமிழில் மலராகவும் கணக்கில் அரும்பாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் அப்படியே விடுவதுதான் வீட்டுக்கல்வியின் லாபம். ஆனால் பயிற்சி நூலின் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்று உட்கார வைத்தால், பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டதற்குப் பொருளில்லை.

சூழ்நிலையியல் தமிழ்நாட்டில் முதல் வகுப்பிலேயே தனிப் பாடம். என்.சி.இ.ஆர்.டி.யில் மூன்றாம் வகுப்பில்தான். இந்த ஊரில் இரண்டையும் மூடி வைக்கலாம். ஜூனில் பெரியாறு அணைத் தண்ணீர் திறந்து நாற்று நடுவதையும், பந்தலில் திராட்சைக் கொடி கவாத்து செய்வதையும், போடியில் ஏலக்காய் தரம்பிரிப்பதையும் நேரில் காட்ட முடிந்த இடத்தில் அச்சிட்ட படம் எதற்கு?

கதைப்புத்தகம் இரண்டு தரப்பிலும் போதாது. அரசின் வாசிப்பு இயக்கச் சிறுநூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாக வந்திருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். இப்படி மிச்சமாகும் பணத்தைத் துலிகாவின் படக்கதைகளில் போடலாம்.

நாளைய தேர்வை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு தகவல். பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம்; கேள்விகள் அரசுப் பாடநூலிலிருந்தே வரும். அதனால் இந்த ஊரில் தங்கப்போகிறவர்கள் தமிழ்நாட்டுப் புத்தகத்தை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, கணக்குக்கு மட்டும் என்.சி.இ.ஆர்.டி.யைப் பக்கத்தில் வைப்பதே சரி. சி.பி.எஸ்.இ. பள்ளியில் பிறகு சேர்க்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் 'மிருதங்'கையும் வாங்குங்கள். இரண்டு தொகுப்பையும் முழுதாக வாங்கி, இரண்டையும் முழுதாக நடத்த மட்டும் முயல வேண்டாம்.