மண்வெட்டியிலிருந்து ஜேசிபி வரை: மண் அள்ளும் இயந்திர ஆபரேட்டர் பயிற்சி

விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. இது கண்மாய்ப் பாசனத்தை நம்பி வளர்ந்த பகுதி. கண்மாய்க் கரைகளும் கிணறுகளும் மண்வெட்டி, கடப்பாரை, கூடை கொண்டே உருவாயின. மூத்தவரின் கையைப் பார்த்துப் பழகுவதே அன்றைய பயிற்சி.

இயந்திரங்களின் வருகை

இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945-ல் தொடங்கிய ஜேசிபி நிறுவனம், 1979-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தது. பிரான்சின் பொக்லைன் நிறுவனப் பெயரும் தமிழில் இயந்திரத்தின் பெயராகவே நிலைத்தது. கருவி மாறியும் கற்கும் முறை பெரிதாக மாறவில்லை. உதவியாளராகச் சேர்ந்து, கிரீஸ் அடித்து, டீசல் ஊற்றி, ஓய்வு வேளையில் லீவரைப் பிடித்துப் பழகியவர்கள் ஆபரேட்டர் ஆனார்கள். கைத்திறன் இருந்தது, சான்றிதழ் இல்லை.

பயிற்சி வழிகள்

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் உதவித்தொகையுடன் வேலை கற்க வழி செய்தது. 2015-ல் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் முன்கற்றல் அங்கீகாரப் பிரிவு, வேலையிலேயே கற்றவரின் திறனைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. இயந்திரத்தைச் சாலையில் ஓட்ட, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமமும் வேண்டும்.

புதைந்த குழாய், மேலே செல்லும் மின்கம்பி, இயந்திரம் சுழலும் வட்டத்துக்குள் நிற்கும் ஆள் ஆகியவற்றைக் கவனிப்பது முறையான பயிற்சியின் அடிப்படைப் பாடம். பார்த்துப் பழகும்போது விடுபட்டுப்போவதும் பெரும்பாலும் இப்பாடமே.