ஒளியியக்கக் கிருமிநீக்கம் (பல் மருத்துவம்)

ஒளியியக்கக் கிருமிநீக்கம் என்பது ஒரு சாயப்பொருளையும் அதற்கேற்ற நிற ஒளியையும் சேர்த்துப் பயன்படுத்தி வாயிலுள்ள நோய்க்கிருமிகளைக் கொல்லும் முறையாகும். பற்சொத்தை, ஈறு நோய், பல்லின் வேர்க்குழாய்த் தொற்று ஆகியவற்றில் வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக இது ஆராயப்படுகிறது. சில இடங்களில் நடைமுறையிலும் உள்ளது.

வரலாறு

1900 ஆம் ஆண்டளவில் மியூனிக் நகரில் எர்மன் வான் டாப்பைனரின் மாணவரான ஆசுக்கர் ராப், அக்ரிடின் சாயம் கலந்த நீரிலிருந்த பரமீசியங்கள் வெளிச்சத்தில் விரைவாக இறப்பதையும் இருளில் நெடுநேரம் பிழைத்திருப்பதையும் கண்டார். வாய்க்கிருமிகள் மீதான முக்கிய ஆய்வுகளை 1990களில் இலண்டன் ஈசுட்மன் பல் மருத்துவ நிறுவனத்தில் மைக்கேல் வில்சன் குழுவினர் செய்தனர்.

செயற்படும் விதம்

சாயம் ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிசனுக்கு அளிக்கிறது. இவ்வாறு கிளர்வுற்ற ஆக்சிசன் பாக்டீரியாவின் சவ்வையும் புரதங்களையும் சிதைக்கிறது. அது நொடியின் மிகச் சிறு பகுதியே நிலைப்பதால், சாயம் சென்று சேராத இடத்தில் பயன் இல்லை. மெத்திலீன் நீலம், தொலுயிடின் நீலம் ஆகிய சாயங்களுக்குச் சிவப்பு ஒளி (ஏறத்தாழ 630 - 660 நானோமீட்டர்) தேவை.

மஞ்சள்

நாமக்கல் மாவட்டத்தின் நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்திற்குப் பெயர்பெற்ற ஊர். விரலி, உருண்டை, பனங்காளி என அங்கு தரம் பிரித்து விற்கப்படும் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமினும் இவ்வகைச் சாயமே. அது நீல ஒளியை உறிஞ்சுகிறது. பல் அடைக்கும் பசையை இறுகச் செய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும் விளக்கும் நீல ஒளியையே தருவதால், புதிய கருவி வாங்காமல் இம்முறையைச் செய்யலாம் என்பது ஆய்வாளர்களின் ஆர்வத்திற்கு ஒரு காரணம். சொத்தைக்கு முதன்மைக் காரணியான இசுட்ரெப்டோகாக்கசு மியூட்டன்சு மீது ஆய்வகச் சோதனைகள் நல்ல பலன் தந்துள்ளன. ஆனால் குர்க்குமின் நீரில் எளிதில் கரையாது. ஒளியில் தானே சிதையும். மஞ்சள் தோய்த்த துணி வெயிலில் வெளிறுவது இதனாலேயே.

சமையல் மஞ்சள்தூளைப் பல்லில் தேய்ப்பது இச்சிகிச்சை ஆகாது. தூளில் குர்க்குமின் சில விழுக்காடே உள்ளது. அளவிடப்பட்ட ஒளியும் அங்கில்லை. சந்தைத் தூளில் ஈயக் குரோமேட்டு கலப்படம் கண்டறியப்பட்டதும் உண்டு.

வரம்புகள்

கிருமி இறந்தாலும் பல்லில் விழுந்த குழி தானே மூடாது. சொத்தையை நீக்கி அடைக்கவே வேண்டும். பற்படலத்தின் அடியில் சாயமும் ஒளியும் குறைவாகவே புகுகின்றன. கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வு பல சாயங்களைத் தடுக்கிறது. ஈறு நோயில் பற்காரை நீக்கத்துடன் இதனைச் சேர்த்தபோது கிடைத்த கூடுதல் பயன் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. சீழ், முகவீக்கம், காய்ச்சல் உள்ளவர்களுக்கு உடனடிப் பல் மருத்துவம் தேவை.