பதினாறு நாள் தாமதமாகப் பிறந்த தேதி

"தாத்தா, மெர்டேக்காதான் ஆகஸ்டு 31-லயே வந்துருச்சே, அப்புறம் எதுக்கு செப்டம்பர் 16-க்கும் லீவு?"

கோப்பெங் வீட்டில், சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேத்தி கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நான் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் காலத்துக் காலண்டரில் செப்டம்பர் 16 சிவப்பு எழுத்தில் இருந்ததாக நினைவே இல்லை. நாடு பிறந்த நாளுக்கு நாடு முழுவதும் விடுமுறை கிடைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேதி பிறந்ததும் அப்படித்தான், காத்திருந்து, இழுபறிப்பட்டு.

1961 மே 27. சிங்கப்பூரின் அடெல்ஃபி ஓட்டலில் வெளிநாட்டுச் செய்தியாளர்களின் விருந்தில் மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் பேசினார். மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ, சரவாக், புருணை ஐந்தும் இன்னும் நெருங்கி வரவேண்டும் என்ற பேச்சை அங்கேதான் அவர் பகிரங்கமாக எடுத்தார். அடுத்த ஆண்டு கோபோல்ட் பிரபு தலைமையில் ஓர் ஆணையம் போர்னியோ மாநிலங்களில் ஊர் ஊராகப் போய் 4,000 பேருக்கு மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டறிந்தது. புருணை கடைசி நேரத்தில் விலகிக்கொண்டது. மற்றவர்கள் 1963 ஜூலை 9-ஆம் தேதி லண்டனில் மலேசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் மலேசியா பிறக்கவேண்டிய நாள் என்று எழுதியிருந்தது ஆகஸ்டு 31. மலாயாவின் சுதந்திர நாளும் அதுவே என்பதால் இரண்டையும் ஒரே நாளில் கொண்டாடிவிடலாம் என்பது எண்ணம்.

மலாயாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் துன் வீ.தி.சம்பந்தனும் ஒருவர். ஈப்போவைத் தாண்டி வடக்கே போனால் வரும் சுங்கை சிப்புட்டில், 1919 ஜூன் 16-இல் பிறந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் என்ற வகையில்தான் எங்கள் பெற்றோர் அவரை அறிந்திருந்தார்கள். இந்த நாட்டின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பேராத் தமிழரின் கையெழுத்து இருக்கிறது என்பதை எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

சரி, ஆகஸ்டு 31 எப்படி நழுவியது?

இந்தோனேசியாவின் சுகர்ணோவுக்கும் பிலிப்பைன்ஸின் மக்கபகாலுக்கும் இந்தப் புதிய நாடு பிடிக்கவில்லை. வட போர்னியோ தங்களுடையது என்று பிலிப்பைன்ஸ் உரிமை கொண்டாடியது. மலேசியா பிரிட்டிஷ்காரனின் புதிய வேடம் என்றார் சுகர்ணோ. ஜூலை கடைசியில் துங்குவும் சேர்ந்து மூவரும் மணிலாவில் கூடினார்கள். சரவாக், வட போர்னியோ மக்கள் உண்மையிலேயே மலேசியாவை விரும்புகிறார்களா என்று ஐ.நா. பொதுச்செயலாளர் பார்த்துச் சொல்லட்டும் என்பதற்குத் துங்கு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அந்த நிமிடமே ஆகஸ்டு 31 கையைவிட்டுப் போய்விட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

பொதுச்செயலாளர் பர்மாக்காரரான ஊ தாண்ட். அவர் அனுப்பிய குழுவுக்கு லாரன்ஸ் மிச்சல்மோர் தலைவர். ஆகஸ்டு நடுவில்தான் குழு சரவாக் வந்து இறங்கியது. கூடவே போய்க் கவனிக்க எந்த நாடு எத்தனை ஆட்களை அனுப்பலாம் என்ற தகராறிலும் நாட்கள் கரைந்தன. வேலை முடியச் செப்டம்பர் ஆகிவிடும் என்பது தெரிந்தது. அறிக்கை வருமுன்பே, ஆகஸ்டு 29-ஆம் தேதி, மலேசியா செப்டம்பர் 16-இல் பிறக்கும் என்று கோலாலம்பூர் அறிவித்துவிட்டது. பரிசோதனை முடியாமலே பிள்ளைக்கு நாள் குறிப்பதா என்று ஜகார்த்தாவும் மணிலாவும் கொதித்தன. ஊ தாண்டுக்கும் அது உவப்பாக இல்லை.

குறித்த ஆகஸ்டு 31 சும்மா போகவில்லை. சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ, வெளியுறவும் பாதுகாப்பும் இனி எங்கள் கையில் என்று அன்றைக்கே தனியாக அறிவித்தார். வட போர்னியோ அன்று தன்னாட்சி பெற்றது. செப்டம்பர் 10-இல் கிளந்தான் மாநில அரசு, மலேசியாவே செல்லாது என்று நீதிமன்றம் போனது. தலைமை நீதிபதி ஜேம்ஸ் தாம்சன் 14-ஆம் தேதி அதைத் தள்ளினார். மக்களில் பெரும்பான்மையோர் மலேசியாவை விரும்புகிறார்கள் என்ற ஊ தாண்டின் முடிவும் அதே 14-ஆம் தேதி வந்தது. இரண்டு நாள் இடைவெளியில், திங்கட்கிழமை, மலேசியா பிறந்தது. குறித்த நாளுக்குச் சரியாகப் பதினாறு நாள் பிந்தி, பதினாறாம் தேதியில்.

அன்றைக்கு ஜகார்த்தாவில் கூட்டம் மலாயா, பிரிட்டிஷ் தூதரகங்களைத் தாக்கியது. மறுநாளே தூதரக உறவு முறிந்தது. 18-ஆம் தேதி பிரிட்டிஷ் தூதரகம் எரிந்தது. சிங்கப்பூரில் லீ குவான் இயூவுக்கு அதே 16-ஆம் தேதி 40 வயது நிறைந்தது. தன் பிறந்தநாளில் பிறந்த நாட்டில் அவர் இரண்டு ஆண்டுகூட இருக்க முடியவில்லை. 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் தனியாகிவிட்டது.

அதன்பிறகு தீபகற்பத்தில் இருந்த எங்களுக்கு ஆகஸ்டு 31 மட்டுமே தேசிய நாளாக நிலைத்தது. சபா (அன்றைய வட போர்னியோ), சரவாக் மக்களுக்கு 1957-இல் மெர்டேக்கா வரவில்லை. அவர்கள் நம்மோடு சேர்ந்தது 1963-இல். அவர்கள் பிறந்தநாளை விட்டுவிட்டு நம் பிறந்தநாளை மட்டும் கொண்டாடினோம். இது தவறு. பல்லாண்டுகள் குரல் எழுப்பிய பிறகு, 2009 அக்டோபரில்தான் விடுமுறை அறிவிப்பு வந்தது.

பேத்திக்காக இந்தக் கதையைத் தேடப்போய், அதே தேதியில் எங்களைத் தொட்டுப்போன வேறு சிலரும் அகப்பட்டார்கள்.

1932 செப்டம்பர் 16-இல் லண்டனில் ரொனால்டு ராஸ் இறந்தார். மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதற்கான ஆதாரத்தை 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தவர். அவர் சொன்னதை நம்பி 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்தார், காடு வெட்டினார், காய்ச்சல் அடங்கியது. அந்த முறை மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கும் வந்தது. கப்பலேறி வந்து காய்ச்சலில் மண்ணுக்குள் போன நம் ஆட்களுக்குக் கணக்கில்லை. பிழைத்தவர்களின் வம்சம் நாம்.

1916-இல் அதே நாளில் மதுரையில் எம்.எஸ்.சுப்புலட்சுமி பிறந்தார். 1966 அக்டோபர் 23-இல் அவர் ஐ.நா. சபையில் பாடியபோது பொதுச்செயலாளராக இருந்தவர் அதே ஊ தாண்ட். அவருடைய அலுவலகத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் சி.வி.நரசிம்மன் என்ற தமிழர்.

மூன்றாமவரை எழுதத்தான் கை தயங்குகிறது. சித்தியவானில் பிறந்த சின் பெங், மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர். 2013 செப்டம்பர் 16-இல், மலேசியாவுக்கு ஐம்பது வயது நிறைந்த அதே நாளில், பேங்காக்கில் இறந்தார்.

அவருடைய கட்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் கோப்பெங்கின் நிலத்தையே மாற்றி எழுதியது. ஈயலம்பத்திலும் காய்கறித் தோட்டத்திலும் சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து முள்வேலிக்குள் அடைத்த புதுக்கிராமங்கள்தான் இன்றைய லாவான் கூடாவும் கோப்பிசானும். தோட்டத்து லயங்களையும் வேலி சுற்றியது. கம்யூனிஸ்டுகளின் தோட்டாவுக்குப் பலியான தமிழர்கள் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியை 1949 மே 4-இல் பிரிட்டிஷ் அரசு தூக்கிலிட்டதும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தை நினைக்கவேண்டும்.

சின் பெங் சாகுமுன் ஊர் திரும்ப வழக்குப் போட்டார். பிறப்புப் பத்திரத்தைக் காட்டு என்றது நீதிமன்றம். 1948-இல் போலீஸ் சோதனையில் எடுத்துப்போய்விட்டார்கள் என்றார் அவர். 2009-இல் கதவு மூடியது. இறந்த பிறகும் அனுமதி கிடைக்கவில்லை. 2019-இல் அவருடைய சாம்பலைச் சிலர் சத்தமில்லாமல் கொண்டுவந்து லுமுட் கடலிலும் ஈப்போ பக்கத்துத் தித்திவாங்சா மலைக்காட்டிலும் தூவினார்கள். எங்கள் வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிவதும் அதே மலைத்தொடர்தான்.

பேத்தியிடம் அவ்வளவும் சொல்லவில்லை, அவளுக்கு வயது ஒன்பது. "ஆகஸ்டு 31-இல் மலாயா விடுதலை ஆனது. செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தது. அதற்கான ஒப்பந்தத் தாளில் சுங்கை சிப்புட் சம்பந்தன் தாத்தா கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் கேட்கும். நீங்களும் இதைச் சொல்லுங்கள்.