அணைந்த பின்னும் ஆறாத தீ: மின்வாகன விபத்துகளும் மீட்புப் பணியாளர் பயிற்சியும்

எரியும் பொருள், வெப்பம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடினால் தீ. அவற்றில் ஒன்றைப் பிரித்துவிட்டால் தீ இல்லை. தீயணைப்புப் பயிற்சியின் தொடக்கப் பாடம் இது. சுவாலை அடங்கி, புகை தணிந்து, கனல் ஆறிவிட்டால் வேலை முடிந்தது என்பதும் அந்தப் பாடத்துக்குள் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. பஞ்சுப் பொதியும் குப்பைமேடும் உள்ளுக்குள் கனன்று மறுநாள் மீண்டும் பற்றும் என்பதைத் தீயணைப்பாளர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் பொதியைப் பிரித்து நனைக்கலாம், குப்பையைக் கிளறி நீர் பாய்ச்சலாம். நீர் புகாதபடி அடைத்து மூடப்பட்ட லித்தியம் அயனி பேட்டரிப் பெட்டியில் அந்த வழி இல்லை. அதற்குள் இருக்கும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் நீடிக்கும் என்றும் சொல்ல முடியாது. எனவே மின்வாகன விபத்துக்குச் செல்லும் பணியாளர்களுக்கான பயிற்சி, தீயை எப்படி அணைப்பது என்பதைவிட, ஆபத்து முடிந்துவிட்டது என்று யார், எப்போது, எதைக் கொண்டு முடிவு செய்வது என்பதையே மையமாகக் கொள்ள வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. இதை ஏற்றுக்கொண்டால், எதைக் கற்பிப்பது என்பதோடு யாருக்குக் கற்பிப்பது என்பதும் மாறிவிடுகிறது.

இந்த ஆபத்தின் வேர் மின்கலத்தின் வேதியியலில் இருக்கிறது. அடிபட்டோ, அளவுமீறி மின்னேற்றப்பட்டோ, உற்பத்திக் குறையாலோ ஒரு மின்கலத்துக்குள் குறுக்குச் சுற்று ஏற்படும்போது, உள்ளே தொடங்கும் வேதிவினை தன் வெப்பத்தாலேயே மேலும் விரைவு பெறுகிறது. இதை வெப்பக் கட்டுமீறல் எனலாம். இதற்கு வெளிக்காற்று தேவையில்லை. ஆகவே நுரையாலோ உலர்பொடியாலோ காற்றைத் தடுப்பது சுவாலையை அடக்குமே தவிர வினையை நிறுத்தாது. ஒரு மின்கலத்தின் வெப்பம் பக்கத்து மின்கலத்தைத் தொட, அது அடுத்ததைத் தொடுகிறது. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு ஆய்வு அறக்கட்டளை 2013இல் வெளியிட்ட முழு அளவுச் சோதனைகளில், வாகன பேட்டரிகளின் தீயை அடக்க ஏறத்தாழ 1,000 லிட்டரிலிருந்து 10,000 லிட்டர் வரை நீர் செலவானது. நம் ஊரில் பரவலாகப் புழங்கும் தீயணைப்பு வண்டி ஒன்றின் கொள்ளளவு 4,500 லிட்டர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நீரின் அளவைவிட முக்கியமான செய்தி அந்தச் சோதனைகளின் இன்னொரு பதிவில் இருக்கிறது. அடக்கிவிட்டதாகக் கருதப்பட்ட பேட்டரி ஒன்று 22 மணி நேரம் கழித்து மீண்டும் பற்றியது.

ஆய்வுக் களத்தில் கண்டது சாலையிலும் நடந்தது. 2018 மார்ச்சில் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் டெஸ்லா கார் ஒன்று நெடுஞ்சாலைத் தடுப்பில் மோதி எரிந்தது. தீ அடக்கப்பட்டு வாகனம் அப்புறப்படுத்தப்பட்டு ஐந்து நாள் ஆன பிறகு, பழுது வாகனங்கள் நிற்கும் முற்றத்தில் அதே பேட்டரி மீண்டும் எரியத் தொடங்கியது. இதையும் வேறு மூன்று நிகழ்வுகளையும் ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020 நவம்பரில் தன் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. சேதமடைந்த பேட்டரிக்குள் வெளியேற வழியின்றித் தங்கிவிடும் மின்னாற்றல்தான் மின்னதிர்ச்சிக்கும் மறுபற்றலுக்கும் மூலம் என்பது அதன் மையக் கருத்து. வாகன உற்பத்தியாளர்கள் தரும் மீட்புக் கையேடுகளில், இந்த ஆற்றலைக் கையாளவும் மறுபற்றலைத் தடுக்கவும் அந்தந்த மாதிரிக்குரிய விவரம் போதவில்லை என்றும் வாரியம் கண்டது. வாரியத்தின் பரிந்துரைகள் தீயணைப்பு அமைப்புகளோடு நிற்கவில்லை; பழுது வாகனங்களை இழுத்துச் செல்வோரின் சங்கத்துக்கும் சென்றன. விபத்து நடந்த இடத்தோடு ஆபத்து முடிவதில்லை என்பதற்கு அலுவல்முறை ஒப்புதலாகவே இதைக் கொள்ள வேண்டும்.

சுவாலை இல்லாததையே பாதுகாப்பின் அறிகுறியாகக் கொள்வது எவ்வளவு பெரிய பிழை என்பதை, வாகனத்தோடு தொடர்பில்லாத ஒரு நிகழ்வு காட்டுகிறது. 2019 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து சர்ப்ரைஸ் நகரில் மின்சேமிப்பு பேட்டரிக் கூடம் ஒன்றிலிருந்து புகை வருவதாக அழைப்பு வந்தது. அங்கிருந்த தானியங்கித் தீயடக்கும் வாயு சுவாலையை அடக்கியிருக்கலாம். ஆனால் மின்கலங்கள் கக்கிய எரிவாயுக்கள் மூடிய அறைக்குள் சேர்ந்துகொண்டே இருந்தன. கதவு திறக்கப்பட்ட சில நிமிடங்களில் கூடம் வெடித்தது. தீயணைப்பாளர்கள் பலத்த காயமடைந்தனர். கட்டுமீறிய மின்கலம் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன்கள், ஹைட்ரஜன் புளோரைடு ஆகியவற்றை வெளியேற்றுகிறது. வெண்ணிற ஆவிபோல் தரையோடு பரவும் இந்தப் புகையை நீராவி என்று எண்ணி நெருங்குபவர், எரியக்கூடிய வாயுவையும் நச்சையும் ஒருங்கே எதிர்கொள்கிறார். சுவாசக் கருவி இன்றி மின்வாகனப் புகையை நெருங்கக் கூடாது என்ற விதி இதிலிருந்தே பிறக்கிறது.

இந்தியாவில் இந்த வேதியியல் நெடுஞ்சாலையைவிட வீட்டுக்குள்தான் முதலில் முகம் காட்டியது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் மின்னேற்றம் செய்துகொண்டிருந்த ஸ்கூட்டர் பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 12 இரவு செகந்திராபாத்தில், விடுதிக் கட்டடம் ஒன்றின் கீழ்ப்பகுதியில் இருந்த மின்ஸ்கூட்டர் விற்பனையகத்தில் பற்றிய தீயின் புகை மேல்தளங்களுக்கு ஏற, எட்டுப் பேர் உயிரிழந்தனர். இரண்டு நிகழ்விலும் பாடம் ஒன்றுதான். இங்கே களம் சிறு பேட்டரி, குறுகிய வாசல், ஒரே மாடிப்படி, உறங்கும் மனிதர்கள். மேலை நாட்டுப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் 400 முதல் 800 வோல்ட் வரையிலான காரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஆரஞ்சு நிற உயரழுத்தக் கம்பியை வெட்டாதே, ஓசையின்றி நிற்கும் கார் நகரக்கூடும் என்பதால் சக்கரத்துக்கு முட்டுக் கொடு, 12 வோல்ட் இணைப்பைத் துண்டி என்ற அறிவுரைகள் தேவையானவைதாம். ஆயினும் நூறு வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தத்தில் ஓடும் ஸ்கூட்டர் எரியும் வீட்டில், மின்னதிர்ச்சியைவிடப் புகையே முதல் எதிரி. மேலை நாட்டுப் பாடத்திட்டத்தை அப்படியே தமிழாக்கிக் கொள்வது, நோய் ஒன்றிருக்க வேறொன்றுக்கு மருந்து கொடுப்பதாகும்.

அடையாளம் காண்பதும் அப்படியே. இந்தியாவில் பதிவு செய்யப்படும் மின்வாகனங்களுக்குப் பச்சை நிற எண்பலகை உண்டு. மீட்புப் பணியாளருக்கு இது நல்ல உதவி. ஆனால் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லாத, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார் கொண்ட வண்டிகளுக்குப் பதிவு தேவையில்லை. ஆகவே பலகையும் இல்லை. மின்ரிக்ஷாக்களில் ஈய அமில பேட்டரியும் ஓடுகிறது, லித்தியமும் ஓடுகிறது. பச்சை நிறம் இரண்டையும் பிரித்துக் காட்டாது. பேட்டரியைக் கழற்றி அடுக்களையிலோ படுக்கையறையிலோ மின்னேற்றம் செய்யும் வீட்டில், வண்டி வாசலில் இருக்கும், ஆபத்து உள்ளே இருக்கும். எனவே பலகையைத் தேடுவதோடு, ‘பேட்டரி எங்கே இருக்கிறது, எப்போதிலிருந்து சார்ஜில் இருந்தது, வேறு பேட்டரி உள்ளே உண்டா’ என்று வீட்டாரிடம் கேட்பதும் பயிற்சியின் பகுதியாக வேண்டும். அழைப்பை எடுக்கும் கட்டுப்பாட்டு அறை ஊழியரே இதைக் கேட்கலாம். வாகனத்தின் உள்ளமைப்பைக் காட்டும் மீட்புத் தாள்களுக்கு ஐஎஸ்ஓ 17840 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. இந்தியச் சந்தையில் விற்கும் ஒவ்வோர் இருசக்கர, மூன்று சக்கர மாதிரிக்கும் அத்தகைய ஒருபக்கத் தாளை வட்டார மொழியில் தரும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துவது நியாயமானது.

கற்க வேண்டியவர் யார் என்ற கேள்வி இனித் தானாக எழுகிறது. விபத்துக்குள்ளான வாகனம் இங்கே எங்கே போகிறது என்பதைப் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கும். காயமுற்றவரை 108 ஆம்புலன்ஸ் எடுத்துச் செல்கிறது. வாகனத்தை இழுவை வண்டி காவல் நிலையத்துக்குக் கொண்டுவருகிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை அது அங்கே, வழக்குகளில் பிடிபட்ட மற்ற வண்டிகளோடு கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. சேதமடைந்த மின்காரைச் சுற்றி ஏறத்தாழ 15 மீட்டர் வெற்றிடம் விட வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல்களில் காணப்படும் அளவு. நெரிசலான காவல் நிலைய முற்றத்தில் அது நடக்காது என்று தள்ளிவிடலாம். ஆனால் அதன் பொருள், மறுபற்றல் நிகழ்ந்தால் எரியப்போவது அந்த ஒரு வாகனம் மட்டுமல்ல என்பதே. தீயணைப்பாளருக்கு எவ்வளவு சிறந்த பயிற்சி தந்தாலும், இழுவை வண்டி ஓட்டுநரும் நிலைய எழுத்தரும் அறியாதவர்களாக இருந்தால் அந்தப் பயிற்சி பாதி வழியில் நின்றுவிடும். வாகனத்தை ஒப்படைக்கும்போது பேட்டரி சேதமடைந்ததா, எப்போது கடைசியாக வெப்பம் அளக்கப்பட்டது, எத்தனை நாள் தனியே நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிடும் ஒரு படிவம், விலையுயர்ந்த கருவிகள் பலவற்றைவிடப் பயன்படும்.

இதற்கு எதிராக எழும் முதல் வாதம் எண்ணிக்கை சார்ந்தது: மின்வாகனங்கள் அரிதாகவே எரிகின்றன, அரிய ஒன்றுக்காகப் பயிற்சியைத் திருத்துவானேன்? இதன் முன்பகுதி உண்மை. சுவீடன் நாட்டு அரசுக் கணக்கின்படி 2022இல் அங்கிருந்த சுமார் 6 லட்சம் மின்கார்களில் 23 எரிந்தன. ஏறத்தாழ 44 லட்சம் பெட்ரோல், டீசல் கார்களில் எரிந்தவை 3,400 அளவில். மின்கார்கள் பெரும்பாலும் புதியவை என்பதைக் கழித்தாலும் வேறுபாடு பெரிது. மின்வாகனத்தைத் தீப்பந்தமாகச் சித்திரிக்கும் அச்சத்துக்கு இது தக்க பதில். ஆனால் அரிது என்பது பயிற்சி வேண்டாம் என்பதற்கான காரணமல்ல. நாள்தோறும் நிகழ்வதை ஒருவர் பணியிலேயே கற்றுக்கொள்கிறார். பணிக்காலத்தில் ஓரிரு முறை மட்டுமே சந்திக்கப்போவதை முன்கூட்டிக் கற்பித்தால்தான் உண்டு. சரியான பயிற்சி வீண் அச்சத்தையும் களையும். நீர் பாய்ச்சினால் மின்சாரம் குழாய் வழியே தாக்கும் என்ற அச்சம் பரவலானது. 2013ஆம் ஆண்டுச் சோதனைகளிலோ குழாய் முனையில் அளக்கப்பட்ட மின்னோட்டம் பொருட்படுத்தத் தக்கதாக இல்லை.

இரண்டாவது வாதம் தொழில்நுட்பத்தை நம்புகிறது. 2022ஆம் ஆண்டு விபத்துகளுக்குப் பிறகு இருசக்கர மின்வாகன பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 விதிகள் கடுமையாக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. இரும்பு பாஸ்பேட் வகை மின்கலங்கள் கட்டுமீறலை எளிதில் அடைவதில்லை. இவை வரவேற்கத்தக்கவை, என்றாலும் விதிக்கு முன் விற்ற வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, பேட்டரிகள் முதுமையடைகின்றன, பொருந்தாத சார்ஜர்கள் தெருக்கடையில் கிடைக்கின்றன. நியூயார்க் நகரின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. அங்கே லித்தியம் அயனி பேட்டரித் தீ 2023இல் 268, 2024இல் 277, எண்ணிக்கை குறையவில்லை. உயிரிழப்போ 18இலிருந்து 6ஆகக் குறைந்தது. விழிப்புணர்வுப் பணியும் சட்டக் கண்காணிப்பும் இதற்குக் காரணம் என அந்நகரத் தீயணைப்புத் துறை கருதுகிறது. தீ நிகழாமல் தடுப்பது ஒரு பணி, நிகழ்ந்தபின் உயிர் போகாமல் காப்பது மற்றொரு பணி. முன்னது முழுமை பெறும்வரை பின்னதைத் தள்ளிப்போட முடியாது.

மூன்றாவது வாதம் பணமும் நேரமும் பற்றியது. இதுவே மிகக் கனமானது. தீயணைப்பு அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிப் பணியாக இடம்பெறுகிறது. நடைமுறையில் மாநிலங்கள் தத்தம் வசதிக்கேற்ப நடத்துகின்றன. ஆள் பற்றாக்குறை உள்ள நிலையங்களில் புதிய பாடம் கூடுதல் சுமையாகவே தோன்றும். ஆனால் மேலே கோரப்பட்டவற்றில் பெரும்பகுதி கருவிகள் அல்ல, தீர்மானங்கள்: திறந்தவெளியில் தனித்து நிற்கும் ஸ்கூட்டரை எரிய விட்டுச் சுற்றுப்புறத்தைக் காப்பதா, வீட்டுக்குள் எனில் முதலில் யாரை வெளியேற்றுவது, எத்தனை முறை வெப்பத்தை அளந்து பணியை முடிப்பது, யாரிடம் என்ன சொல்லி ஒப்படைப்பது. இவற்றை நிலைய வளாகத்திலேயே, பழைய வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு பயிற்றலாம். வெப்பப் படக்கருவி, சுவாசக் கருவி ஆகியவற்றுக்கு, மாநிலத் தீயணைப்புத் துறைகளை நவீனமாக்க ஒன்றிய அரசு 2023இல் தொடங்கிய 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தில் இடம் காண வேண்டும்.

மின்வாகனத்தின் பெரும் உற்பத்தி மையங்களுள் ஒன்றாகத் தமிழ்நாடு தன்னை முன்வைக்கிறது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதன் அடையாளங்கள். வாகனத்தை உருவாக்கும் மாநிலம் அதன் விபத்தைக் கையாளும் முறையையும் உருவாக்கித் தரக் கடமைப்பட்டது. அதற்கான முதல் படி மூன்று சிறிய ஆணைகள்: ஒவ்வொரு மாதிரிக்கும் தமிழில் மீட்புத் தாள், சேதமடைந்த பேட்டரிக்கு ஒப்படைப்புப் படிவம், தீயணைப்பாளர், 108 ஊழியர், காவலர், இழுவை ஓட்டுநர் நால்வரும் ஒன்றாக அமரும் ஒருநாள் பயிற்சி. இவை இல்லாதவரை, ‘தீ முற்றிலும் அணைக்கப்பட்டது’ என்று நிலையப் பதிவேட்டில் எழுதப்படும் வரி, மின்வாகனத்தைப் பொறுத்தவரை சரிபார்க்கப்படாத ஊகமே.