அழிவும் மீட்சியும்: புத்தளக் கரையோரமும் வெளியேற்றப்பட்டோர் கவிதையும்

அழிவைப் பாடும் மரபு தமிழில் மிக நீண்டது. பறம்பு மலையை இழந்த பாரி மகளிரின் கையறுநிலைப் பாட்டு (புறநானூறு 112) அதன் தொல்வடிவங்களுள் ஒன்று. அச்சியந்திரம் பரவிய காலத்திலே புயலும் வெள்ளமும் சிந்துகளாகவும் கும்மிகளாகவும் பாடப்பெற்றுச் சிறுநூல்களாக விற்பனையாயின. இவை பெரும்பாலும் அழிவை ஊழின் விளைவாகக் கண்டு, மீட்சியைத் தெய்வத்திடம் வேண்டி நின்றன. அழிவுக்கு மனிதரே காரணராகுமிடத்து இம்மரபு போதாததாகிவிடுகிறது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது எம். ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' அழித்தவரை இனங்காட்டிற்று. 1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' என்னும் தொகுதி இப்போக்கின் வலிமையைப் பரந்த வாசகருக்கு உணர்த்தியது. அழிப்பது அரசு, மீட்பது மக்கள் போராட்டம் என்பதே அக்காலக் கவிதையின் பொதுவான நோக்காக அமைந்தது எனலாம். ஆயின் அக்கவிதையில் ஒலித்த 'நாம்' எவரை உள்ளடக்கியது என்னும் வினா அன்று போதியளவு எழவில்லை.

அவ்வினாவை 1990 ஒக்ரோபர் எழுப்பிற்று. வட மாகாண முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் சில நாட்களுள் முற்றாக வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில், ஒக்ரோபர் 30ஆந் திகதி, இரண்டு மணிநேர அவகாசமே வழங்கப்பட்டது. வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டியிற் கரைசேர்ந்தனர். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டனர். ஆலங்குடா, தில்லையடி, பாலாவி முதலிய இடங்களிற் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. யாழ்ப்பாணத்து நூலகத்துக்காகக் கவிதையிற் குரலெழுப்பியவர் ஒரு முஸ்லிம் கவிஞர் என்பதும், பத்து ஆண்டுகளுக்குள் அந்நகரின் முஸ்லிம்களே துரத்தப்பட்டனர் என்பதும் ஒருங்குவைத்து நோக்கற்பாலன.

வெளியேற்றப்பட்ட கவிஞனின் இக்கட்டு மொழியிலேயே தொடங்குகிறது. மண், வேர், தாயகம் ஆகிய சொற்கள் அவனைத் துரத்தியோரின் முழக்கங்களாகவும் இருந்தன. அதே தமிழில், அதே சொற்களைக்கொண்டே அவன் தன் உரிமையை நிலைநாட்டவேண்டியிருந்தது. முல்லைத்தீவு மண்ணுக்குரிய முல்லை முஸ்ரிபா தம் தொகுதியொன்றுக்கு 'இருத்தலுக்கான அழைப்பு' எனப் பெயரிட்டமை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. இழப்பைப் புலம்புவதோடு அமையாது, இருப்பை உரிமையாகக் கோருவதே இக்கவிதைப் போக்கின் சாரம்.

இங்கு மீட்சி என்பது புயலின்பின் தென்னை துளிர்ப்பது போன்ற இயற்கை நிகழ்வன்று. காலப்போக்கிற் காணி, நீர், தொழில், பாடசாலை அனுமதி ஆகியவற்றின்மீதான போட்டி, வரவேற்றோருக்கும் வந்தோருக்கும் இடையே கசப்பை வளர்த்தது. புத்தளத்திலே பிறந்த பிள்ளைகளும் 'அகதி' எனவே அழைக்கப்பட்டனர். 2002இல் அன்ரன் பாலசிங்கம் இவ்வெளியேற்றத்துக்கு மன்னிப்புக் கோரினார். 2009இற் போர் முடிந்தது. எனினும் திரும்பியோர் பலர் கண்டவை காடுமண்டிய காணிகளும் உரிமைப் பிணக்குகளுமே. எனவே மீட்சி என்பது காணியுறுதி, வாக்காளர் பதிவு, அயலாரின் ஏற்பு என்னும் சமூக நிபந்தனைகளில் தங்கியுள்ளது.

ஈழத்து எதிர்ப்பிலக்கிய வரலாறு 1981இன் தீயைப் பதிந்து, 1990இன் வெளியேற்றத்தைக் கடந்துசெல்லுமாயின் அது பாதி வரலாறே. ஒடுக்குமுறைக்கு எதிரான கவிதையின் பெறுமதியை, அது எதிரியை எவ்வளவு வன்மையாகச் சாடுகிறது என்பதுகொண்டு மட்டும் நாம் அளவிடலாகாது. தன்னவர் இழைத்த அநீதியின்முன் அது என்ன சொல்லிற்று என்பதையும் கேட்டாகவேண்டும். புத்தளக் கரையோரத்துக் கவிதை நம் ஆய்வுக்குத் தரும் அளவுகோல் இதுவே.